ஒன்றும் போடாதீர்கள்

பாலிக் புலாவ் சரிவில்
டுரியான் மரத்தின் அடித்தூரைக் கத்தியால் சுரண்டினேன்.
பட்டைக்குக் கீழே காப்பிக் கறை.
வேரில் தண்ணீர் நிற்கிறது, தவுக்கே,
வாய்க்கால் வெட்டுங்கள்.
இந்தப் பருவம் உரம் வேண்டாம்.

தியோ கிம் ஹோக் என் பையைப் பார்த்தார்.
"ஊபாட் எங்கே?"

மூட்டைக்கு எட்டு வெள்ளி எனக்குக் கமிஷன்.
மலைப்பாதையில் அத்தனை வளைவும் ஏறி வந்தவன்
ஒன்றும் வாங்காதே என்பதை
அவர் நம்பவில்லை.
திரும்பும் வழியில்
தெலுக் பஹாங் வரைக்கும்
நானும்.

மூன்று மாதம் கழித்துப் போனேன்.
வெட்டியிருந்தார். நேராக, முழங்கால் ஆழம்.
கரை சரியாமல் அடுக்கிய மண்மூட்டைகளில்
வேறொரு கம்பெனியின் பெயர்.
எண்ணினேன்: பன்னிரண்டு உரச்சாக்கு.

மரத்தில் புதுத் தளிர்,
காற்று புரட்டிய இலையடியில் செம்பு நிறம்.

எது காப்பாற்றியது என்று
அவர் கேட்கவில்லை.
என் படிவத்தில் 'பலன்' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
தேதியை மட்டும் எழுதினேன்.

கிளம்பும்போது ஒரு பழத்தைக் கயிற்றில் கட்டித் தந்தார்.
"அந்த மரமா?"
"இல்லை, பக்கத்து மரம்.
நீ பார்க்காதது."