இரைச்சல் கொண்டுவந்தவன்

பெயரில்தான் அநேகம்.
அனேகாடாவில் இருப்பது கொஞ்சம்:
வளர்ந்த தென்னையைத் தாண்டாத நிலம்,
உப்புக் குட்டைகள்,
நடுச்சாலையில் படுத்து
ஹாரனுக்கும் எழாத மாடுகள்.
ஹாரன் அடிக்க
வண்டிகளும் அதிகமில்லை.

திங்கள், புதன், வெள்ளி படகு வரும்.
நான் புதன்கிழமை இறங்கினேன்.
பத்தொன்பது வருடம் கப்பலின் என்ஜின் அறை.
"சத்தமில்லாத இடமாகப் பார்த்து
ரெண்டு நாள் இருந்துவிட்டு வா"
என்றிருந்தார் துறைமுகத்து டாக்டர்.

இருந்தேன்.
காற்று நின்ற மதியம்
கொடியில் போட்ட போர்வை உலர்வதுகூடக்
கேட்டுவிடும் போலிருந்தது.
அப்போதுதான் கிளம்பியது அது.
வலது காதுக்குள்
யாரும் இறக்கிவைக்காத குக்கர்.
இத்தனை நாளும் என்ஜின் கூட்டத்தில்
ஒளிந்து நின்ற திருடன்,
தெரு காலியானதும்
நான்தான் என்று நடுவில் வந்து நின்றான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு
நாலு மணிக்குள் சொல்லிவிட வேண்டும்.
கடலுக்குள் கிடக்கும் கூண்டிலிருந்து
எத்தனை சிங்கி இறால் எடுப்பதென்று
ஐவலினுக்குக் கணக்கு வேண்டுமாம்.
"எத்தனை பேர்?"
"என்ன?"
"எத்தனை பேர்?"
"என்ன?"
விரலால் கேட்டாள்.
ஒரு விரல் காட்டினேன்.
சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்:
"ஒஸ்மண்ட், உனக்கு ஜோடி வந்தாச்சு!"

ஒஸ்மண்ட் வான்டர்பூல்.
முப்பது வருடம்
படகு மோட்டாரை அணைத்தபடி உட்கார்ந்தவர்.
அவருக்கு இடது காது.
நாற்காலியைத் தூக்கிவந்து
என் இடப்பக்கம் போட்டார்.
நல்ல காதும் நல்ல காதும் அடுத்தடுத்து,
கெட்டவை இரண்டும் வெளியோரம்.

"உன்னுடையது எப்படி?"
குக்கர் விளங்கவில்லை அவருக்கு.
விசிலடித்துக் காட்டினேன்.
வீட்டில் ஒரு நாய் எழுந்து போனது.
"என்னுடையது மழைக்கு முந்திய பூச்சி.
வாய் மூடியது ஒரே ஒரு ராத்திரி.
பெரிய புயல்.
கூரை போச்சு.
நான் நிம்மதியாகத் தூங்கினேன்."

மறுநாள் தோணியில்
சங்கு மேட்டுக்குக் கூட்டிப்போனார்.
கடலுக்கு நடுவே,
தின்றவர்கள் எறிந்த ஓடுகள்
தலைமுறை தலைமுறையாகக் குவிந்து
தீவைவிடக் கொஞ்சம் நிமிர்வாக.
எங்கள் பக்கம் சங்கு ஊதினால்
பூசை, இல்லாவிட்டால் பாடை.
ஐவலின் அதில் வடை தட்டுகிறாள்.

ரோஜா நிறத்து வாய் திறந்த ஒன்றைப் பொறுக்கி
"கடல் கேட்கிறதா பார்" என்று நீட்டினார்.
வலது காதில் வைத்தேன்.
குக்கர்.
இடது காதில் வைத்தேன்.
கடல்.
மறுபடி வலது.
பிடுங்கித் தன் இடது காதில் வைத்தார்.
"பூச்சி!"
ஓடுகள் காலடியில் நொறுங்க,
வயதான ரெண்டு ஆண்கள்
ஒரு சங்கை மாற்றி மாற்றி வாங்கி
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
தூரத்துக் குட்டையில் பூநாரைகள்
காலை மாற்றிக்கொண்டன.

வெள்ளிக்கிழமை.
படகின் மோட்டார் உறுமியதும்
திருடன் கூட்டத்துக்குள் போய்விட்டான்.
கரையிலிருந்து ஒஸ்மண்ட்
ஏதோ சொன்னார்.
"என்ன?" என்று கத்தினேன்.
வாய் அசைந்ததைப் பார்த்தால்
அவரும்
"என்ன?" என்றுதான்
கேட்டிருக்க வேண்டும்.