சனவரி ஒன்று

டெர் ஆப்பெல் பதிவகத்தில் கேட்டார்கள்:
பையன் பிறந்த தேதி?
கிஸ்மாயோவில் மழைக்காற்று ஓய்ந்து
படகுகள் மறுபடி கடலுக்குப் போன வாரம்
என்றாள் அம்மா.
மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார்.
கட்டத்துக்குள் அடங்கியது சனவரி ஒன்று.
அம்மாவுக்கும் அதுவே. அண்ணன் பீலேவுக்கும்.

ஒருநாள் முந்தியிருந்தால்
பெரிய பையன்களோடு தள்ளியிருப்பார்கள் என்னை.
கோட்டின்மேல் நிற்கிற பந்து
ஆட்டத்தில்தான் இருக்கிறது.

இடது தடுப்பாட்டம். இரண்டாம் டிவிஷன்.
வெள்ளிக்கிழமை இரவுகள், பக்கவாட்டில் அடிக்கும் மழை.
ஷர்மார்க்கே என்ற பெயரை
ஒவ்வோர் ஊர் ஒலிபெருக்கியும்
ஒவ்வொரு விதமாய் மென்று துப்பும்.
இருநூற்றுப் பதினான்கு ஆட்டம். மூன்று கோல்.
நான்காவது எங்கள் வலைக்குள்ளேயே போட்டது.
அதைத்தான் அண்ணன்
இன்னும் போனில் வைத்திருக்கிறான்.

சோமாலியாவுக்காக ஒரே ஒரு முறை.
அதுவும் ஜிபூத்தியில்,
கால் சுடும் பிளாஸ்டிக் புல்லில்.
'பின்னால் ஆள்!' என்று கத்தினேன்
டச்சு மொழியில்.
ஸ்டாக்ஹோமில் வளர்ந்தவன் திரும்பவில்லை.
கோல்.

முழங்கால் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
டாக்டர் ஹில்பிராந்த் சொன்னார்:
முப்பத்தொன்று இல்லை இது.
உண்மையைச் சொல், என்ன வயது உனக்கு?

அம்மாவுக்குப் போன் போட்டேன்.
எத்தனாவது மழை என்று விரல்விட்டாள்.
பிறகு,
அடுப்பில் எண்ணெய் காய்கிறது, அப்புறம் பேசு என்றாள்.

இந்தச் சனவரியிலும் கிளப்பிலிருந்து வாழ்த்து வந்தது,
கணினி தானாக அனுப்புவது.
தெருவெல்லாம் நள்ளிரவில் வெடித்த சிவப்புக் காகிதம்.
நனைந்த குப்பைமேல் நொண்டி நொண்டி
அம்மா வீட்டுக்குப் போகிறேன்,
மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு கேக்.