பதினோரு வருஷம், ஆரஞ்சு இல்லாமல்

மிஷன் வீதியில் நான் நிற்கும் அடுப்புக்கு
ஜன்னல் கிடையாது.
ஒரு ராத்திரிக்கு நாற்பது, சனிக்கிழமை என்றால் எழுபது
ஆரஞ்சு சிக்கன் போகும்.
அதில் ஆரஞ்சு என்பது ஒரு பொடி,
கொஞ்சம் கலர்,
மெனு அட்டையில் பாதியாக வெட்டிய ஒரு படம்.
கரண்டி தானாகவே சர்க்கரை டின்னுக்குள் இறங்கி
இரண்டு முறை நிறைந்து திரும்பும்.
அந்நேரம் நான்
முதலாளி போனில் யாரைத் திட்டுகிறார் என்று
காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

மிச்சம் விழுந்தால் அஞ்சலாட்சிக்குப் பார்சல்.
நைனார்மண்டபம் வரை சைக்கிள் ஹேண்டிலில் ஆடி
முழங்காலில் சூடாகத் தட்டிக்கொண்டே வரும்.
சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல்
விரலைச் சப்பிச் சப்பித் தின்பாள்.
தினமும் பன்னிரண்டு மணிக்கு வருகிறவன்
வாய் திறக்காமல் மன்னிப்புக் கேட்க
வேறு வழி எனக்குத் தெரிந்ததில்லை.

ஜிப்மரில் சீட்டு கொடுத்தார்கள்.
இருநூற்று எண்பத்தாறு.
"வெளிய வாங்கிச் சாப்பிடுவீங்களா?"
கேட்ட டாக்டரம்மாவுக்கு எங்கள் கல்யாண வயசு இருக்கும்.
"வெளிய இல்ல மேடம், இவருதான்"
என்று என்னைக் காட்டினாள்.
சிரித்துக்கொண்டுதான் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை கடை லீவு.
பெரிய மார்க்கெட்டில் கமலா ஆரஞ்சு ஆறு எடுத்தேன்.
எடை போட்டவள் கேட்டாள்:
"யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

கறி, தோல் உரித்த தொடை, அரைக் கிலோ.
பழத்தை வெள்ளைத் தோலோடு நறுக்கி வேகவிட்டேன்.
கசாயம்.
ராத்திரிக்கு எழுபது தட்டு போடுகிறவன்
ஒரு பழத்திடம் தோற்று, சட்டியைச் சாய்த்து
குழாயடியில் நின்றேன்.
"தள்ளுங்க" என்று வந்தாள்.
கத்தியைப் படுக்க வைத்து
மேல்நிறத்தை மட்டும் சீவினாள்.
தோல் வளைந்த இடத்தில் பொடிப்பொடியாய் எண்ணெய் தெறித்தது.
இருவருக்கும் தும்மல்.

மைதா இல்லை. முட்டை வெள்ளை, ஒரு பிடி அரிசி மாவு,
தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் எண்ணெய்.
கறி ஒட்டிக்கொண்டது. புரட்டப் போன என் கையைப் பிடித்தாள்.
கொஞ்சம் பொறுத்தால் தானாக விடும் என்பது
பெருந்தீயில் நிற்பவனுக்கு மறந்தே போயிருந்தது.
இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாய், நாலு சொட்டு சோயா,
சாறு சுண்டச் சுண்ட குமிழ்கள் பெரிசாகி
மெதுவாகப் பேசத் தொடங்கின.
அப்போது பார்த்து வலது கை இரண்டு முறை
அலமாரிக்குப் போய் வெறும் பலகையைத் தொட்டு வந்தது.
சர்க்கரை டப்பாவை
மாடி வீட்டு ரொசாரியிடம் கொடுத்துவிட்டாளாம்.

நிறம் வரவில்லை. துலக்காத பித்தளை மாதிரி ஒரு மங்கல்.
டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.
"எப்படி?"
"ஆரஞ்சு மாதிரி இருக்கு"
குற்றம் சொல்லும் குரலில்தான் சொன்னாள்.
கை என்னவோ அடுத்த துண்டுக்குப் போனது.
நானும் ஒரு தட்டு போட்டுக்கொண்டேன்.
பதினோரு வருஷத்தில் முதல் தடவை
நான் போட்டதை நான் உட்கார்ந்து தின்றேன்.
புளித்தது. உறைத்தது. வெகுநேரம் கழித்து
நாக்கின் ஓரத்தில்
யாரும் போடாத ஒரு தித்திப்பு.

புதன்கிழமை எட்டரைக்கு
மூன்றாம் மேஜையிலிருந்து தட்டு திரும்பி வந்தது.
"மாஸ்டர், இனிப்பே இல்லையாம்."
டின்னைப் பார்த்தேன். கரண்டி காய்ந்து கிடந்தது.
கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தேன்.
அஞ்சலாட்சி வயசுதான்.
காத்திருக்கும் விரல்களை மேஜையில் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு கரண்டி போட்டுவிட்டேன்.
இரண்டாவது கையில் இருக்கிறது.
முதலாளி யாரைத் திட்டுகிறார் என்று
இன்றைக்குக் காது கொடுக்க வேண்டியதில்லை.