மூணாம் நம்பர்

பாம்பனில் கூண்டு ஏறி ஐந்தாம் நாள்.
அரையாண்டு லீவும் சேர்ந்துகொள்ள
தங்கச்சிமடத்து வீடு
நாலு பேருக்குக் காணவில்லை.

அடுப்படியைச் சந்தியாகு பிடித்துக்கொண்டார்.
போட்டில் அவர்தான் சமையல்;
ஆறு ஆளுக்குப் பொங்கிய கை
சுருங்க மாட்டேன் என்கிறது.
மீன் இல்லாத வீட்டில் முட்டைக் குழம்பு,
அதிலும் கடல் கரித்தது.
மிஞ்சியதை ஜொகரா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.
கிண்ணம் திரும்பியது,
நாலு பனங்கிழங்கோடு.

நான் ஒரு சத்தம் போட்டால் போதும்,
ரோஸ்லினும் தம்பியும்
வடிகூடையைக் கயிறு கட்டி
நிலைப்படிக்கு மேல் ஏற்றுவார்கள்:
'அம்மாவுக்கு மூணாம் நம்பர்!'
பால் பொங்கி வழிந்தால் ஏழு.
பணியாரம் சுட்டால்
கூடை தானாக இறங்கும்.

வெள்ளி சாயங்காலம்
துறைமுகத்தில் கூண்டை இறக்கிவிட்டார்கள்.
சனிக்கிழமை டோக்கன்.
விடியுமுன் தண்ணீர்க் கேனோடு
அவர் கிளம்பும்போது பார்த்தால்
கூடை மேலே ஏறியிருக்கிறது.

'இது எத்தனையாம் நம்பர்?'

போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்:
'பத்து.'

சிரிக்கவில்லை அவர்.
தலை இடிக்காமல் குனிந்து போனார்.

கூடையை நான் இறக்கவில்லை.
தட்டைப் பிடித்தே சோறு வடித்தேன்,
கட்டைவிரலில் கஞ்சி பட்டது.
பார்த்தால்,
ஆறு ஆளுக்குச் சோறு.