பத்து மைக்ரோ ஆம்பியர்

இரவு ஷிப்ட் முடிந்து
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பஸ்
சுங்கை நிபோங்கில் என்னை இறக்கிவிடும்போது
மணி ஏழே கால்.
தூங்க வேண்டும். தூங்கவில்லை.
ஜன்னலோரம் மேசை, மேசையில் பிரெட்போர்டு,
ஆள் மாறி ஆள் மாறி வந்த ஆசிலோஸ்கோப்.
நூற்றைம்பது ரிங்கிட். ஒரு குமிழ் இல்லை,
அந்த இடத்தில் டூத்பேஸ்ட் மூடி.

பதினொரு வருடமாய்ப் பலகைகளைச் சோதிக்கிறேன்.
பச்சை எரிந்தால் வலப்பக்கம்,
சிவப்பு எரிந்தால் இடப்பக்கம்.
உள்ளே என்ன என்று கேட்டதில்லை;
கேட்பதற்கு யாரும் சம்பளம் தரவில்லை.
போன மாதம் ஒரு சிவப்பு.
திரையில் காரணம்: சாய்வு நேராக இல்லை.
சாய்ந்தது எப்படி நேராக இருக்கும்?
பக்கத்து மேசை நோரைனி தோளைக் குலுக்கினாள்.
"இடப்பக்கம் போடு, தவா."

போட்டேன்.
ஆனால் அந்த வாக்கியம் என்னோடு பஸ் ஏறிவிட்டது.

முதலில் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான்.
மின்சாரம் பசியோடு பாய்ந்து
நிறைய நிறையத் தளர்ந்தது,
பந்தியில் முதல் கவளத்துக்கு இருந்த வேகம்
பாயசத்தின்போது இல்லாத மாதிரி.
திரையில் எழுந்தது கூன் விழுந்த கோடு.
நிறைந்ததே நிறையவிடாமல் தடுக்கிறது.
இது புரிய எனக்கு நான்கு காலைகள்.

பிறகு மேலே ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர்.
பேஸை இரண்டு டயோடுகள் அசையாமல் பிடித்துக்கொள்ள
எமிட்டரில் ஐம்பத்தாறு கிலோ ஓம்;
அதன் குறுக்கே எப்போதும் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்.
எப்போதும். சூட்சுமம் அந்தச் சொல்லில்தான்.
கீழே கெப்பாசிட்டர் இரண்டு வோல்ட்டில் இருக்கிறதா, ஏழிலா,
கலெக்டர் குனிந்து பார்ப்பதில்லை.
பத்து மைக்ரோ ஆம்பியர் இறங்கிக்கொண்டே இருக்கும்,
வீட்டில் கல்யாணமா சாவா என்று விசாரிக்காமல்
இருபத்தெட்டாம் தேதி வந்து விழும் சம்பளம்போல.

எட்டு வோல்ட் ஆனதும்
விழித்துக்கொள்ளும் இன்னொரு டிரான்சிஸ்டர்.
சேர்த்ததெல்லாம் ஒரு நொடியில் தரைக்கு.
(சம்பள உவமை இங்கேயும் பொருந்துகிறது.)
கொடிமலை ரயிலைச் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை:
அது ஏறிய நிதானத்தோடே இறங்கும்.
இது ஏறுவது தெரியும். விழுவது தெரியாது.
தெரியட்டும் என்று
விழும்போதெல்லாம் மினுக்க ஒரு எல்இடி வைத்தேன்.

எல்லாம் சரி. கோடு மட்டும் வளைந்தது.
கெப்பாசிட்டரை மூன்று முறை மாற்றினேன்.
டிரான்சிஸ்டரை அதன் பரம்பரையோடு திட்டினேன்.
ஒன்பதாம் நாள் முழங்கை பட்டு
ஆசிலோஸ்கோப்பின் புரோப் கழன்று கீழே விழ,
எல்இடி சட்டென்று
இரண்டு மடங்கு வேகத்தில் மினுக்கத் தொடங்கியது.

மாட்டினேன்: மந்தம்.
எடுத்தேன்: துடிப்பு.
மாட்டினேன்.

வளைத்தது நான்.
என் புரோப் ஒரு மெகா ஓம்.
ஐந்து வோல்ட்டில் ஐந்து மைக்ரோ ஆம்பியர்:
வந்ததில் பாதியை
பார்க்கிற சாக்கில் நானே குடித்திருக்கிறேன்.
நான் பார்க்காத நேரமெல்லாம்
அது நேராகத்தான் ஏறியிருக்கும்.

புரோப்பின் கழுத்தில் நகம் அளவு ஒரு விசை:
ஒன்று, பத்து.
பத்துக்குத் தள்ளினேன்.
கோடு நிமிர்ந்தது. முழுக்க இல்லை;
உச்சியில் மயிரிழை வளைவு மிச்சம்.
அதுவும் என்னுடையதுதான்.

அன்றிரவு மறுபடி ஒரு சிவப்பு. அதே வாக்கியம்.
சோதனை மேடையின் ஊசிகளைக் குனிந்து பார்த்தேன்,
பதினொரு வருடத்தில் முதல் முறையாக.
பலகை என் மடியில் இருந்தது.
"கிரியா, கானானா?" என்றாள் நோரைனி. இடமா, வலமா?
இன்னும் பார்க்கவில்லை என்றேன்.
"இப்போதுதானே பார்த்தாய்!"
அதனால்தான், என்றேன்.