எந்தப் பக்கக் கோர்ணர்

எழுபத்தெட்டாம் நிமிடமாம்.
எமில் தூக்கிப் போட்ட கோர்ணராம்.
நான் எழும்பினேனாம்.
கீப்பரின் முழங்கை என் பொட்டில் இறங்க முந்தியே
பந்து வலைக்குள்ளேயாம்.

பாசையூரில் இதைச் சொல்லாத வாய் இல்லை.
மீன்சந்தையில் ஏலம் கூறுகிறவர்
இடப்பக்கக் கோர்ணர் என்கிறார்.
சலூன் கிளறன்ஸ் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு
வலப்பக்கம் என்று மாதாமேல் சத்தியம் பண்ணுகிறான்.
என்னைக் கேட்கிறார்கள்.
நான் அங்கே இருக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது,
விடிய இடியப்பமும் சம்பலும்.
சப்பாத்துக்கு லேஸ் கட்டினது.
பிறகு பெரியாஸ்பத்திரி முகட்டில் ஒரு ஃபான்,
எத்தனை செட்டை என்று கேட்ட நேர்ஸ்.
சொன்ன பதில் அவவுக்குத்தான் தெரியும்.

அது மூன்றாந் தரம்.
முதல் இரண்டுக்கும்
தலையில் தண்ணியை ஊற்றிக்கொண்டு இறங்கினவன் நான்.
"இன்னொன்று விழுந்தால்" என்று தொடங்கிய டொக்டர்
வசனத்தை விட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

இப்போது நண்டுக் கொம்பனியில் இரவு வேலை.
பெட்டிக்கு முப்பது.
பதினேழில் எண்ணிக்கை அறும்.
கால் கட்டின நண்டுகள்
கண்ணை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்,
நான் திரும்ப ஒன்றிலிருந்து.
ரியூப்லைட் வெளிச்சம் பல்லுக்குள் கூசும்.

வீட்டில் மெறில்டா ரேடியோவைக் குறைத்தாள்,
பிறகு தன் குரலையும்.
அவள் குறைத்திருக்கிறாள் என்று பிடிபட
எனக்கு ஆறு மாதம் எடுத்தது.

கிளறன்ஸின் போனில் வீடியோ இருக்கிறது.
பதினொரு செக்கன்.
ஐந்தாம் இலக்க ஜேர்சி போட்ட ஒருத்தன்
எல்லாத் தலைக்கும் மேலே
கழுத்தை வில்லாய் வளைத்து...
கெட்டிக்காரன்தான்.
ஆரடா இவன் என்று கேட்க வாயெடுத்தேன்.
பிறகு முழு ரீமும் அவன்மேல் விழுந்து கொண்டாடுகிறது.
குவியலுக்கு அடியில் ஒரு கை மட்டும்
விரல் விறைத்து, வானத்தைக் காட்டிக்கொண்டு.
அதோடு வீடியோ முடிகிறது.

இன்று பின்னேரம்
சின்னப் பொடியளின் பந்தடி. மதிலோரம் நின்றேன்.
கோட்டைத் தாண்டி ஒரு பந்து
அளந்து அனுப்பினமாதிரி நெற்றி உயரத்துக்கு வந்தது.
கால் நிலத்தைத் தள்ளியது. கழுத்து இறுகியது.
ஆரைக் கேட்டு?

குந்திவிட்டேன்.

மதிலில் பட்டுச் சேற்றுக்குள் விழுந்தது.
பொடியள் விழுந்து விழுந்து சிரித்தாங்கள்.
"பயந்த அண்ணை, பந்தை எடுத்துத் தாங்கோ!"

சேற்றைத் துடைத்து
கையால் எடுத்துக் கொடுத்தேன்.
எந்தப் பக்கக் கோர்ணர் என்று
ஒருத்தனும் கேட்கவில்லை.