முந்நூற்றைம்பது கிராம்

மூன்று கடைகளுக்கும்
ஒரே அட்டையைத்தான் எடுத்துப் போனேன்.
முந்நூற்றைம்பது கிராம், முத்து மினுக்கு,
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் இருபது தாள்.
ஒரே கோப்பு:
கரும்பச்சை நிரம்பிய திருமண அழைப்பிதழ்.
மடிப்புக்கு இந்தப் பக்கம் தொடங்கி
அந்தப் பக்கம் முடிகிற மணமகள் பெயர்,
மதுரவல்லி.
குறுக்கே ஓடவேண்டும் என்று அவள்தான் கேட்டாள்.
கோடு சரியாக ‘ர’வின் மேல் விழும்,
உடையும் என்று சொன்னேன்.
உடையாத மாதிரி செய்யுங்கள் என்றாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
வாட்ஸ்அப்பில் ஒரு வரி:
அட்டை வேண்டாம்.
முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
நானும் ஏன் என்று கேட்கவில்லை.
கையில் இருந்ததிலேயே
கஷ்டமான கோப்பு அதுதான்.

புடுவில் யாப்பின் கடை.
தட்டு கீழே, வாய் மேலே,
நடுவில் தாள் முதுகை வளைத்து ஏறவேண்டும்.
இருநூறு கிராம் வரை ஏறியது.
என் அட்டையைக் கொடுத்ததும்
உள்ளே யாரோ முறுக்கு கடித்தார்கள்.
யாப் பின்கதவைத் திறந்து
விசிறி மடிப்பாய் ஒரு மதுரவல்லியை
இரண்டு விரலால் இழுத்தார்.
“பெயர்ப்பட்டை அடிக்க நல்ல மெஷின்” என்றார்.
நான் பெயர்ப்பட்டை கேட்கவில்லை.

செகாம்புட்டில் மையைப் பீய்ச்சுகிற ஜாதி.
பின்னாலிருந்து நேராய் நுழைத்தால்
நேராய் வந்தது, அழகாகவும் வந்தது.
ஐந்து நிமிடம் கழித்துத் தடவினேன்.
வீடு வரும்வரை
ஸ்டியரிங்கில் பச்சைக் கட்டைவிரல்.

கெப்போங்கில் மறுசீரமைத்த பழைய ஆள்.
பக்கவாட்டுத் தட்டை இறக்கினால்
இந்தக் கடைசியில் நின்று
அந்தக் கடைசி வெளிச்சம் தெரிகிற பாதை.
‘கனம்’ என்று அழுத்தியதும்
மூச்சை இழுத்து வேகத்தைக் குறைத்தது.
ஒரு தாளுக்கு ஒன்பது வினாடி. எண்ணினேன்.
நகத்தால் கோடிட்டு மடித்தேன்.
‘ர’ முழுசாய் இருந்தது.
கண்ணாடியைக் கழற்றி மறுபடி பார்த்தேன்.
அஸ்லான் கேட்டான், கடையில் ஏர்கோன் இருக்கா?
மழை இருக்கு என்றேன்.
சிரித்தான். சிரிப்பை நிறுத்திவிட்டு,
ஈரம் குடித்த அட்டை ஓரம் தூக்கும்,
நேர்பாதையிலும் முட்டும் என்றான்.
அதற்காகவே அவனிடம் வாங்கலாம் போலிருந்தது.

ஒன்பதாயிரத்து இருநூறு ரிங்கிட்.
தொண்ணூற்று நான்கு கிலோ.

செந்தூலில், டயர் கடைக்கு மேல் மாடி எங்களுடையது.
பங்காளி தங்கராணி
விவரத்தாளைப் புரட்டவே இல்லை.
அளவு நாடாவோடு படிக்கட்டுக்குப் போனாள்.
“அட்டைக்கு வளைவு ஆகாதுன்னு இத வாங்குற.
இதுக்கு மட்டும் வளைவு ஆகுமா?”
பதினோராவது படியில்
எங்கள் படிக்கட்டு யாப்பின் மெஷினைப் போலத் திரும்புகிறது.

ஜன்னல் கம்பியை அறுத்தோம்.
கிரேன் லாரிக்கு முந்நூறு.
பாதி உயரத்தில் மழை பிடித்துக்கொண்டது.
யாரோ வாங்காமல் போன
ஐம்பதாவது பிறந்தநாள் பேனரை விரித்தோம்.
வாழ்த்துகளோடு
ஆடி ஆடி ஏறியது அது.
டயர் கடைச் சோங் வேலையை விட்டுவிட்டு
கீழே நின்று இடது, இடது என்று கத்தினார்,
எந்த இடது என்று யாருக்கும் தெரியவில்லை.

முதல் அச்சு சோங்குக்கு:
டயர் விலை அட்டை, எண்பது, இலவசம்.

இப்போது தினமும்
மெஷின் சூடேறியதும் ஒரு தாள் விடுகிறேன்.
ராத்திரி மழை பெய்திருந்தால் இரண்டு.
மடிப்பேன், ஜன்னலில் பிடித்துப் பார்ப்பேன்.
‘ர’ உடையவில்லை என்றால்
கனத்த வேலையை எடுக்கலாம்.
வேறு கோப்பு வைத்துக்கொள்ளேன் என்கிறாள் தங்கராணி.
இதைவிடக் கஷ்டமானது வரட்டும் என்கிறேன்.

மாப்பிள்ளை பெயரை மட்டும்
எடுத்துவிட்டேன்.
டோனர் மிச்சம்.